வலிப்பு நோய் அறுவை சிகிச்சைக்கு முன் செய்யப்படும் மூளை ஸ்கேன்கள்

பொருத்தமான இரண்டு மருந்துகளை உரிய அளவில் உட்கொண்ட பின்னரும் வலிப்பு நீடித்தால், அது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோய் எனப்படும். வலிப்பு நோய் உள்ளோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இந்நிலையில் உள்ளனர். வலிப்பு மூளையின் ஓரிடத்தில் மட்டும் தொடங்குமாயின், அப்பகுதியை அறுவை சிகிச்சையால் அகற்ற வாய்ப்புண்டு. அந்த இடம் எது, அதை அகற்றினால் பேச்சும் நினைவாற்றலும் பாதிக்கப்படுமா என்பதை அறியவே ஸ்கேன்கள் செய்யப்படுகின்றன.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன்
மூளையிலுள்ள தழும்பு, சிறு கட்டி, பிறவி அமைப்புக் குறைபாடு ஆகியவற்றைக் காட்டும். வலிப்பு நோய்க்கான தனி முறையில், மெல்லிய அடுக்குகளாக எடுக்கப்படுவதால், முன்பு எடுத்திருந்தாலும் மீண்டும் எடுக்க நேரலாம்.

பெட் ஸ்கேன்
சிறிதளவு கதிரியக்கம் கொண்ட குளுக்கோஸ் ஊசி மூலம் செலுத்தப்படும். வலிப்பு இல்லாத வேளையில், பாதிக்கப்பட்ட பகுதி பெரும்பாலும் குளுக்கோஸைக் குறைவாகவே பயன்படுத்தும்.

ஸ்பெக்ட் ஸ்கேன்
மருத்துவமனையில் வலிப்பு தொடங்கியவுடன் ஊசி போடப்படும். அவ்வேளையில் இரத்த ஓட்டம் மிகுந்த இடத்தைப் பின்னர் எடுக்கும் படம் காட்டும்.

செயல்சார் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்
நீங்கள் சொற்களை நினைக்கும்போதும் விரல்களை அசைக்கும்போதும் இயங்கும் பகுதிகளைக் காட்டும். காக்கப்பட வேண்டிய இடங்களை மருத்துவர் இதன்மூலம் அறிவார்.

ஒரு படம் மட்டும் முடிவு செய்வதில்லை
ஸ்கேனில் காணப்படும் தழும்பே வலிப்புக்குக் காரணம் என உறுதியாகக் கூற இயலாது. வீடியோ ஈ.ஈ.ஜி. பதிவும் ஸ்கேன்களும் ஒரே இடத்தைச் சுட்டும்போது அறுவை சிகிச்சையால் பயன் கிட்டும் வாய்ப்பு கூடுகிறது. அவை முரண்பட்டால், மூளைக்குள் மெல்லிய மின்முனைகளைப் பொருத்திப் பதிவு செய்யும் சோதனை தேவைப்படலாம். எம்.ஆர்.ஐ. இயல்பாக இருப்பதால் மட்டும் அறுவை சிகிச்சைக்கு வழியில்லை என்று பொருளன்று.

நீங்கள் கவனிக்க வேண்டியவை
• மருந்தை நீங்களாகவே நிறுத்தாதீர்கள், அளவைக் குறைக்காதீர்கள். தேவைப்பட்டால் மருத்துவமனைக் கண்காணிப்பில் மருத்துவரே குறைப்பார்.
• இதய முடுக்கி, உடலிலுள்ள உலோகப் பொருள், கர்ப்பம், தாய்ப்பால் ஊட்டுதல், நீரிழிவு ஆகியவற்றை முன்கூட்டியே தெரிவியுங்கள்.
• பெட் ஸ்கேனுக்கு முன் சில மணி நேரம் உண்ணாதிருக்க வேண்டும். அந்நாளில் மருந்துகளை எவ்வாறு உட்கொள்வது எனக் கேட்டறியுங்கள்.
• உடனிருப்போர், வலிப்பு தொடங்கும்போது தலை எப்பக்கம் திரும்புகிறது, எந்தக் கை முதலில் அசைகிறது, பேச்சு நிற்கிறதா எனக் குறித்து வையுங்கள். இயன்றால் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். தொடக்க இடத்தைக் கண்டறிய இதுவும் ஒரு சான்றாகும்.

அறுவை சிகிச்சைக்குச் சம்மதிக்கும் முன், வலிப்பு நிற்கும் வாய்ப்பு எவ்வளவு, எந்தத் திறன் பாதிக்கப்படக்கூடும் என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.