சூடான காத்தும் ஒரு தகரக் குழாயும்

இன்ஜினுக்கு எவ்வளவு குளிர்ந்த காத்து போகுதோ அவ்வளவு பவர்னு காலேஜ்ல படிச்சது மண்டையில அப்படியே உக்காந்திருக்கு. குளிர்ந்த காத்துக்கு அடர்த்தி அதிகம், ஆக்சிஜனும் அதிகம். கணக்கு சரிதான். ஆனா ஃபோர்டு 1908ல விட்ட மாடல் டி காரோட இன்ஜின் படத்தைப் பார்த்து குழம்பிட்டேன். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கத்துலேர்ந்து ஒரு தகரக் குழாய் இறங்கி கார்புரேட்டர் வாயில முடியுது. வேணும்னே சூடான காத்தைக் கொடுக்கறாங்க!

விஷயம் பெட்ரோல்ல இருக்கு. அது ஆவியாகத் தேவையான சூட்டை கூட வர்ற காத்துலேர்ந்துதான் எடுத்துக்கும். கையில ஸ்பிரிட் தடவினா சில்லுன்னு இருக்குமே, அதேதான். முழுசா ஆவியானா கலவை 20 டிகிரிக்கு மேல குளிர்ந்துடும். வெளியில 5 டிகிரி, ஈரக் காத்துன்னா கார்புரேட்டருக்குள்ளேயே ஐஸ் கட்டி வண்டி நின்னுடும்.

இன்னொரு தலைவலி எண்ணெய்க் கம்பெனிகள்கிட்டேர்ந்து வந்தது. கார் பெருகப் பெருக பெட்ரோல் பத்தலை. 1913ல வில்லியம் பர்ட்டனோட கிராக்கிங் முறை இண்டியானாவுல ஓட ஆரம்பிச்சு கனமான எண்ணெயையும் உடைச்சு பெட்ரோலாக்கினாங்க. அதும் போதாம, லேசுல ஆவியாகாத கனமான சரக்கையும் பெட்ரோலோட சேர்த்து வித்தாங்க. அது பாதி திரவமாவே சிலிண்டருக்குள்ள போய், சுவர்ல இருக்கற ஆயிலைக் கழுவி, கீழ இறங்கி மொத்த ஆயிலையும் நீர்க்க வெச்சுடும். அப்புறம் பேரிங் கதி என்ன ஆகும்? சைலன்சர் வழியா வீணாப் போற சூடுதான் இதுக்கு இலவச மருந்து. கொஞ்சம் பவர் போனா போகட்டும்.

பெட்ரோல் தேறினதும் குழாய்க்கு மவுசு குறைஞ்சது. மறுபடி அதைக் கூட்டிட்டு வந்தது சட்டம். 1968 மாடல்லேர்ந்து அமெரிக்கா முழுக்க கார்களுக்குப் புகைக் கட்டுப்பாடு. புகை குறையணும்னா பெட்ரோலைக் குறைச்சுக் கலக்கணும், அந்தக் கலவை குளிர்ல ஒழுங்கா எரியாது. அதனால ஏர் கிளீனர் மூக்குல ஒரு கதவு வெச்சாங்க. இன்ஜின் குளிர்ந்திருந்தா எக்ஸாஸ்ட்டைச் சுத்தி வர்ற காத்து, சூடாகிட்டா வெளிக்காத்து. வேக்குவமே கதவைத் திறந்து மூடும்.

நிறைய பேர் இதை அரசாங்கத் தொல்லைன்னு நினைச்சு குழாயைப் பிடுங்கிப் போட்டாங்க. பழைய கோடுல எதுக்குன்னே தெரியாத வரியை நான் அழிச்சு வாங்கிக் கட்டிக்கிட்ட மாதிரிதான் :-) பனிக்காலக் காலையில வண்டி முக்கி முனகி நிக்கும், திட்டு கார்புரேட்டருக்கு.

கடைசில குழாயை ஒழிச்சது ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். வால்வு பக்கத்துலேயே பெட்ரோலைப் பொடியாத் தூவினா காத்தைச் சூடாக்கற அவசியம் குறைஞ்சிடுது. 1990களோட ஆரம்பத்துல அமெரிக்கப் புதுக் கார்கள்ல கார்புரேட்டர் போச்சு, தகரக் குழாயும் கொஞ்சம் கொஞ்சமா பின்னாடியே போயிடுச்சு.