வாயில்லாச் சீவனின் வலி

சிங்கப்பூரில் தமிழர் பெரிதும் அறிந்த சிராங்கூன் சாலை, விலங்குகளை நம்பி வளர்ந்த சாலையாகும். நீரும் புல்லும் மலிந்த அவ்வட்டாரத்தில் 19ஆம் நூற்றாண்டில் மாட்டுப் பட்டிகள் பெருகின. நம்மவர் பலர் அத்தொழிலால் பிழைத்தனர். தேக்காப் பகுதிக்கு வழங்கிய 'கண்டாங் கெர்பாவ்' என்னும் மலாய்ப் பெயருக்கு எருமைப் பட்டி என்பதே பொருள். இழுப்பதற்கும் இறைச்சிக்கும் நின்ற மாட்டின் நோவை அன்று எண்ணியோர் சிலரே. அதே சாலையில்தான், 1947இல், லூசியா பாக் என்னும் பெண்மணி கைவிடப்பட்ட விலங்குகளைத் தம் வீட்டின் கீழ்த்தளத்தில் வைத்துப் பேணலானார். விலங்குவதைத் தடுப்புச் சங்கம் இவ்வாறு புத்துயிர் பெற்றது.

விலங்கின் வலியைத் தணிக்க மருந்து இல்லாமலா இருந்தது? இருந்தது. செர்ட்டுர்னர் அபினியிலிருந்து மார்பினைப் பிரித்தது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1853இல் ஊசிக்குழலும் வந்துவிட்டது. அபினியோ சிங்கப்பூருக்குப் புதிதன்று. 1910 முதல் குடியேற்ற அரசே அதனைக் காய்ச்சி விற்று வருவாய் ஈட்டியது! பிந்தி வந்தது மருந்தன்று. நாய்க்கும் அது வேண்டும் என்ற எண்ணமே. நாய்க்குரிய வலிநீக்கியான கார்ப்ரோஃபென் அமெரிக்கச் சந்தைக்கு வந்ததே 1997இல்தான். உலக வலி ஆய்வுக் கழகம் 1979இல் வகுத்த இலக்கணம், வலியைச் சொல்லி விளக்குவதோடு பிணைத்திருந்தது. பேச இயலாமையால் மனிதருக்கோ விலங்குக்கோ வலி இல்லையென்று ஆகாது எனக் குறிப்பெழுதியது 2020இல். 'வாயில்லாச் சீவன்' என்ற நம் வழக்கில் அவ்விரக்கம் முன்பே உண்டு என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துரைக்கலாம்.

எலும்புப் புற்றுநோயில் இவ்வுண்மை நன்கு விளங்கும். பேருருவ நாய்களின் கால் எலும்பையே அந்நோய் மிகுதியும் பற்றும். எலும்பு உள்ளுக்குள் அரிக்கப்பட்டும் நாய் பெரும்பாலும் அலறுவதில்லை. நொண்டும், படியேறத் தயங்கும், உணவை வெறுக்கும். சுளுக்கென்று கருதி நாள் கடத்துவோர் உளர். மருத்துவர் கார்ப்ரோஃபென் போன்றவற்றோடு மார்பின் இன மருந்துகளையும் சேர்ப்பர். மார்பினை வாய்வழி கொடுத்தால் நாயுடலில் சரிவரச் சேராது, ஊசியே தக்கது. கதிர்வீச்சும் நோவைக் குறைக்கும். காலையே நீக்குவது கொடுமையெனத் தோன்றும். ஆயினும் வலியின் ஊற்று அதனோடு போய்விடுகிறது. மற்ற மூன்று கால்களும் உரமாயிருப்பின், சில வாரங்களில் நாய் ஓடப் பழகிவிடும். நோயை முற்றும் தீர்க்க இவை போதா. எஞ்சிய நாளை நோவின்றிக் கழிக்க உதவும். நாம் உண்ணும் ஐபுப்ரொஃபென் மாத்திரையை இரங்கிக் கொடுத்தல் மட்டும் ஆகாது. அது நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும்.