இலக்கமில்லாத் துப்பாக்கி

நம் கொங்கு நாட்டுப் பழைய தொட்டிக்கட்டு வீடுகளில், மச்சின் மேலோ தானியக் குதிரின் பின்புறத்திலோ, சாக்கில் சுற்றிய நீண்டதொரு பொருள் அகப்படுவதுண்டு. பிரித்துப் பார்த்தால் பாட்டனார் காலத்துத் துப்பாக்கி. அதில் செய்தவர் பெயருமிராது, இலக்கமுமிராது. இவ்வாறு இலக்கமின்றியிருப்பது குற்றமாகுமா என்னும் கேள்வி நம் அங்கத்தினர் குடும்பங்கள் சிலவற்றைக் கலங்கச் செய்திருக்கின்றமையால், அதன் வரலாற்றைச் சிறிது ஆராய்வது தகுதியென்று எண்ணினேன்.

ஆதியில் சர்க்காருக்குத் துப்பாக்கியின் இலக்கத்தைப் பற்றிய கவலையே இருந்ததில்லை. அதை ஏந்தும் மனிதனைப் பற்றிய கவலையே இருந்தது. பாளையக்காரர் போர் முடிந்தவுடன், 1801-ம் வருஷம் டிசம்பர் மாதம் சென்னைக் கவர்னர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென்னாட்டார் ஆயுதம் தாங்குவதைத் தடுத்தது. காங்கேயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் பிறந்த தீரன் சின்னமலை 1805-ல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். 1857-ம் வருஷத்துக் கலகத்திற்குப் பின் 1860-ல் ஒரு சட்டமும், லிட்டன் பிரபு காலத்தில் 1878-ம் வருஷத்து இந்திய ஆயுதச் சட்டமும் பிறந்தன. லைசென்ஸின்றித் துப்பாக்கி வைத்திருக்கலாகாது என்பது பின்னதன் சாரம். ஐரோப்பியருக்கு மட்டும் அதினின்று விலக்கு! குடகு நாட்டார்க்குத் தனியே வழங்கிய விலக்கோ இன்றளவும் நீடித்து வருகின்றது. 1930-ல் காந்தியடிகள் வைஸ்ராய்க்கு விடுத்த பதினொரு கோரிக்கைகளில், தற்காப்பிற்காகத் துப்பாக்கி லைசென்ஸ் அளிக்கவேண்டும் என்பதும் ஒன்றாயிருந்ததை இக்காலத்தார் பலர் மறந்துவிட்டனர்.

இனித் துப்பாக்கிகளின் பிறப்பைக் கவனிப்போம். நம் ஊர்க் கொல்லர் உலையில் அடித்த குழல்களுக்கு இலக்கமிடும் வழக்கமே கிடையாது. குழலின் வாய்வழியே கருமருந்தையிட்டு, நாரோ கந்தையோ வைத்துக் கெட்டித்து, மேலே ரவையை இட்டுக் கம்பியால் இடிக்கும் வகை அது. லைசென்ஸ் புஸ்தகங்களில் "எஸ். பி. எம். எல்." என்று குறிப்பது இவ்வொற்றைக் குழல் வகையையே. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியை விரட்டுவதற்கு அது போதுமானதாயிருந்தது.

கப்பலேறி வந்தவையோ இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலும் பெல்ஜியத்தின் லியேஜிலும் செய்தவை. லண்டனின் பெரிய கம்பெனிகள் தம் துப்பாக்கி ஒவ்வொன்றிற்கும் இலக்கமிட்டுக் கணக்குப் புஸ்தகத்தில் பதிந்துவந்தன. மலிவான சரக்கிற்கு அவ்வழக்கம் கட்டாயமாயிருக்கவில்லை. ஆயினும் அவற்றின் குழலடியில் சில முத்திரைகள் காணப்படும். பர்மிங்ஹாமில் 1813 முதல் சட்டப்படி குழல்களைச் சோதிக்கும் சாலை ஒன்றுண்டு. மிகுதியாக மருந்திட்டு வெடித்துப் பார்த்து, பிளவாத குழலுக்கு முத்திரை குத்துவர். லியேஜின் முத்திரை நீள்வட்டத்துள் "ஈ. எல். ஜி." என்னும் எழுத்துக்கள் கொண்டது. இவை குழலின் உறுதிக்கு அத்தாட்சியேயன்றி, அத்துப்பாக்கி இன்னது என்று காட்டும் இலக்கமல்ல. "12" என்றிருப்பதும் அவ்வாறே. குழலின் விட்டத்திற்கு ஒத்த ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு ராத்தல் என்பதே அதன் பொருள். அதை இலக்கமென்று எழுதிக்கொடுத்து வில்லங்கத்தில் அகப்பட்டவர்களும் உண்டு.

சுதந்திரத்திற்குப் பின் இயற்றப்பட்ட 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் 1962-ம் வருஷம் அக்டோபர் முதல் தேதி அமுலுக்கு வந்தது. அதன் 8-வது பிரிவே நம் விஷயத்திற்கு உயிர்நாடி. துப்பாக்கியிலுள்ள பெயரையோ இலக்கத்தையோ அடையாளக் குறியையோ அழிக்கவும் மாற்றவும் கூடாது; இவை இல்லாத துப்பாக்கியை விற்கவும் பிறருக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. இதுவரை எவரும் ஆட்சேபிக்க இடமில்லை. அடுத்த ஷரத்துதான் கவனிக்கற்பாலது. இலக்கமில்லாத துப்பாக்கி ஒருவர் வசமிருப்பின், மாறாக நிரூபிக்கப்படும் வரையில் அவரே அதை அழித்தார் என்று கொள்ளப்படும்! பிறக்கும்போதே இலக்கமின்றிப் பிறந்ததும், திருடன் அரத்தால் ராவியதும் இங்கே ஒரே தட்டில் நிறுக்கப்படுகின்றன. சட்டம் அமுலுக்கு வந்தபோதே அத்தகைய துப்பாக்கி வைத்திருந்தவர்களுக்கு ஒரு வருஷத் தவணை மட்டும் அளித்தனர். அது 1963-ல் தீர்ந்தது. அத்தவணையைக் கேள்விப்பட்ட குடியானவர் நம் கிராமங்களில் எத்தனை பேர் இருந்திருப்பர்?

அமெரிக்காவில் இவ்விஷயத்தை வேறுவிதமாய் வகுத்தனர். அங்கே 1968-ம் வருஷத்துச் சட்டத்திற்குப் பின் லைசென்ஸ் பெற்றவர்கள் செய்பவற்றிற்கு இலக்கம் கட்டாயம். அதற்கு முன் இலக்கமின்றிச் செய்தவற்றை அக்காரணத்தால் குற்றமாகக் கொள்வதில்லை. இருந்ததை அழிப்பதே குற்றம். எனக்கு இதுவே நியாயமாகப் படுகின்றது.

சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுவதற்கு மன்னிக்கவேண்டும். என் தந்தையார் காலமான பின், வீட்டிலிருந்த ஒற்றைக் குழல் துப்பாக்கியை ஒப்படைக்கச் சென்றேன். லைசென்ஸ்தாரர் இறந்தால் வாரிசுகள் தாமதமின்றி அதைப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்கவேண்டும் என்பது 21-வது பிரிவு. அங்கிருந்தவர் குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இலக்கத்தை யார் ராவியது?" என்று வினவினார். கூடியிருந்தோர் அனைவரும் என் முகத்தையே நோக்கினர். தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய மானம் அக்கணம் ஊசலாடிற்று. வீட்டிற்கு ஓடிவந்து, பாட்டியாரின் தகரப் பெட்டியைக் கவிழ்த்தேன். பாட்டனார் 1959-க்கு முன் பெற்ற லைசென்ஸ் காகிதங்கள், கரையான் தின்றது போக மிச்சம், தாலிக்கொடி வாங்கிய ரசீதுடன் கட்டப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் இலக்கம் எழுதும் பத்தியில் ஒரு கோடு மட்டுமே கிழித்திருந்தது. அக்கோடே எங்களுக்குச் சாட்சியாயிற்று.

ஆகையால் துப்பாக்கி பழையது என்பதொன்றே பாதுகாப்பாகாது. பழுது பார்த்தும் வெடிக்கவியலாத பழம்பொருளுக்கே 45-வது பிரிவு விலக்களிக்கின்றது. கொல்லன் ஒருவன் சீர்ப்படுத்தக்கூடியதாயின் விலக்கில்லை. 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்திற்குப் பின் வேட்டையும் ஒழிந்தமையால், பல வீடுகளில் அது வெறுஞ் சுமையாகவே கிடக்கின்றது. 2019-ம் வருஷத்துத் திருத்தத்தின்படி, பரம்பரையாய் வந்ததையும் சேர்த்து ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கவியலாது. தோட்டம் போய்ப் பனியன் கம்பெனியும் சாயப்பட்டறையும் எழுந்துவிட்ட நம் திருப்பூர்ப் பக்கங்களில், பழைய வீட்டை இடிக்கும்போது பழங் காகிதங்களையும் எடைக்குப் போட்டுவிடுகின்றனர். வீட்டை இடிக்குமுன் தகரப் பெட்டிகளைத் திறந்து பார்க்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன்.

எங்கள் துப்பாக்கி அன்றே பெற்றுக்கொள்ளப்பட்டது. கொடுத்த ரசீதில் இலக்கத்திற்கு நேரே, பாட்டனார் காலத்தைப்போலவே, ஒரு கோடு கிழித்திருந்தார்கள். அதைப் பழைய காகிதங்களுடன் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன்.