மாண்டிசோரிப் பள்ளித் தலைமைக்குரிய தகுதி

குழந்தைப் பள்ளி என்றதும் நம்மவர் நினைவுக்கு வரும் பெயர் மாண்டிசோரி. ஆயினும் அப்பெயர் எவருக்கும் தனியுரிமை அன்று. பெயர்ப்பலகை மாட்ட எவராலும் இயலும். அத்தகைய பள்ளிக்குத் தலைமை தாங்குவோர்க்கு வேண்டிய தகுதி யாது? வரலாறே விடை கூறுகின்றது.

இத்தாலியில் 1870-ஆம் ஆண்டு பிறந்த மரியா மாண்டிசோரி அம்மையார், 1896-இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். 1907 ஜனவரி 6-இல் ரோமாபுரியின் ஏழை மக்கள் பகுதியில் ‘குழந்தைகள் இல்லம்’ தொடங்கினார். மருத்துவர் நோயாளியைக் கூர்ந்து நோக்குவது போல ஆசிரியர் குழந்தையை நோக்கவேண்டும் என்பதே அவர் கண்ட முதற் பாடம். 1909-இல் ஆசிரியர்க்குப் பயிற்சி வகுப்பும் நடத்தினார்.

நம் நாட்டில் இம்முறையை முன்னரே போற்றியவருள் கிஜுபாய் பதேக்கா குறிப்பிடத்தக்கவர். வழக்கறிஞராயிருந்த அவர், பாவநகரில் 1920-இல் குழந்தைகளுக்கெனப் பால மந்திரம் நிறுவினார்.

1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று, அம்மையார் தம் மைந்தர் மாரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். ஓலைக் கொட்டகைகளில் ஏறத்தாழ முந்நூறு பேர் பயிற்சி பெற்றனர். அம்மையார் இத்தாலிய மொழியில் உரையாற்ற, மைந்தர் ஆங்கிலத்தில் பெயர்த்துரைத்தார். 1940-இல் இத்தாலி போரில் இறங்கவே, மாரியோ காவலில் வைக்கப்பட்டார். அம்மையாரின் எழுபதாவது பிறந்தநாளையொட்டி விடுதலையானார். போர்க்காலத்தில் கோடைக்கானலிலும் பணி தொடர்ந்தது. அவர் நடத்திய வகுப்புகளில் இந்நாட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பயின்றனர். அந்நிய மண்ணில், போரின் நெருக்கடியிலும், அம்மையார் கட்டடம் எழுப்ப முனையவில்லை. ஆசிரியரை உருவாக்கவே முனைந்தார் என்பது சிந்தித்தற்குரியது.

அப்பயிற்சி எளிதன்று. ஒவ்வொரு கல்விக் கருவியையும் குழந்தைக்கு எங்ஙனம் எடுத்துக்காட்டுவது என்பதைத் தம் கையாலேயே குறிப்பேட்டில் எழுதவேண்டும். கருவிகளைத் தாமே கையாண்டு பழகவேண்டும். வகுப்பின் ஓரத்தில் வாய் திறவாது அமர்ந்து, குழந்தைகளை மணிக்கணக்கில் நோக்கவேண்டும். எழுத்துத் தேர்வோடு வாய்மொழித் தேர்வும் உண்டு. இவற்றைக் கடந்து, மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகள் கலந்திருக்கும் வகுப்பில் சில ஆண்டுகள் பணியாற்றியவரே பிறரை வழிநடத்த வல்லவர். கணக்கும் நிர்வாகமும் மட்டும் அறிந்தவர் அதற்குப் போதார்.

பிறமொழி வழங்கும் ஊரில் வாழும் நம் குழந்தைகள், வீட்டுக்கு வெளியே முதன்முதல் நம்பும் பெரியவர் ஆசிரியரே. ஆதலின் பெற்றோரே, பள்ளியின் வண்ணச் சுவரைக் கண்டு மயங்காது, தலைவர் எங்கே பயின்றார், குழந்தைகளிடையே எத்தனை ஆண்டுகள் இருந்தார் என்று வினவுங்கள். அது நம் கடமை.