ஜார்ஜ் டி லேசி எவன்ஸ்

சர் ஜார்ஜ் டி லேசி எவன்ஸ் (1787–1870) அயர்லாந்தின் லிமெரிக் பகுதியில் பிறந்த பிரித்தானியத் தளபதி. லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர். படைப்பதவிகள் காசுக்கு விலைபோன காலம் அது. இவரோ இந்தியாவில் தன்னார்வலராகச் சேர்ந்து, 1807இல்தான் அதிகாரியானார்.

பிரித்தானியா அமெரிக்காவோடு போரிட்டபோது, 1814 ஆகஸ்டில் வாஷிங்டன் மீது படையெடுக்கத் தயங்கிய பிரித்தானிய ஜெனரல் ராஸை முடுக்கிவிட்டவர்களில் எவன்ஸும் ஒருவர். அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் வீரர்களோடு புகுந்தபோது அவர் வெறும் லெப்டினன்ட். அடுத்த ஜூனில் வாட்டர்லூ. குதிரைப்படைத் தளபதி பொன்சன்பியின் துணை அதிகாரியாக நின்ற எவன்ஸ் தொப்பியை ஆட்டிச் சைகை காட்ட, படை பாய்ந்தது. 1815இல் மட்டும் மூன்று பதவி உயர்வுகள். போர் முடிந்தபோது லெப்டினன்ட் கர்னல்.

அமைதிக் காலம் அவரை அரசியலுக்குத் தள்ளியது. 1830இல் ரை தொகுதியில் வென்றார். 1833 இடைத்தேர்தலில் வெஸ்ட்மின்ஸ்டரில் ஜான் கேம் ஹோப்ஹவுஸைத் தோற்கடித்தார். தீவிரச் சீர்திருத்தக்காரரான இவர், இரண்டே ஆண்டில் உறுப்பினர் பதவியைத் துறக்காமலே ஸ்பெயினுக்குக் கிளம்பியதுதான் வேடிக்கை. அங்கே சிறுமி அரசி இசபெல்லாவுக்கு ஆதரவாகத் திரட்டப்பட்ட சுமார் 10,000 பேர் கொண்ட பிரித்தானியத் துணைப்படைக்கு அவரே தலைவர். பிடிபடும் அந்நிய வீரர்களைச் சுட்டுக் கொல்லுமாறு அரியணைக்கு உரிமை கோரிய எதிரணித் தலைவர் டான் கார்லோஸ் ஆணையிட்டிருந்தார். ஆனால் துப்பாக்கியைவிட விட்டோரியா நகரத்துக் குளிர்காலக் காய்ச்சல் அதிகம் பேரைத் தின்றது. சம்பளமும் ஒழுங்காக வரவில்லை. 1837 மார்ச்சில் ஓரியமெண்டியில் தோல்வி. படைகளில் சவுக்கடியை எதிர்த்துப் பேசியவர், தம் படையில் அதைக் கையாண்டதைச் சுட்டி எதிரிகள் நாடாளுமன்றத்தில் குத்திக்காட்டினர். அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இல்லாமலில்லை.

1841இல் தொகுதியை இழந்து 1846இல் மீட்டார். கிரிமியப் போரில் இரண்டாம் டிவிஷனை நடத்தியபோது வயது அறுபத்தேழு. ஆல்மாவில் காயம், பிறகு குதிரையிலிருந்து விழுந்து, நோயுற்று, பலக்லாவா துறைமுகத்துக் கப்பலில் படுத்திருந்தார். 1854 நவம்பர் 5 அன்று இன்கர்மனில் பீரங்கி முழங்கியதும் எழுந்து களத்துக்கே போய்விட்டார். அங்கே தமக்குப் பதிலாகப் படையை நடத்திக்கொண்டிருந்த பென்னிஃபாதரிடமிருந்து தலைமையைப் பறிக்கவில்லை. அருகில் நின்று யோசனை மட்டும் சொன்னார். அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் அவருக்கு நேரில் நன்றி கூறியது.

1865 வரை உறுப்பினராக நீடித்து, படைப்பதவிகளை விலைக்கு விற்கும் முறையை ஒழிக்கக் கோரிவந்தார். 1870 ஜனவரி 9 அன்று லண்டனில் இறந்தார். அம்முறை 1871இல் ஒழிக்கப்பட்டது.