குழந்தை தள்ளிப்போகுதா? தைராய்டையும் செக் பண்ணுங்க!

'ஏதாவது விசேஷம் உண்டா?' சென்னையோ, காரைக்கால் பக்கத்துப் போலகமோ, இந்தக் கேள்வி முதலில் பெண்ணிடம்தான் வரும். ஆனால், காரணம் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியாகவும் இருக்கலாம். ஆணுக்கும் இது பொருந்தும்.

என்ன நடக்குது?
தைராய்டு ஹார்மோன் குறைந்தால், அதைச் சரிக்கட்ட மூளை அனுப்பும் சிக்னல் புரோலாக்டினையும் கூட்டிவிடும். கருமுட்டை வெளியாவது தடைபடலாம், மாதவிடாய் தள்ளிப்போகலாம், கருச்சிதைவு அபாயமும் கூடும். ஆண்களுக்கு விந்தணுவின் தரம் குறையலாம். ஹார்மோன் அதிகமானாலும் சிக்கல்தான்.

என்ன டெஸ்ட்?
டி.எஸ்.ஹெச் ரத்தப் பரிசோதனை. தைராய்டு மாத்திரை எடுக்கும் பெண்கள் கருத்தரிக்கத் திட்டமிட்டால், இது 2.5-க்குள் இருப்பது நல்லது என்கிறது அமெரிக்க தைராய்டு சங்கத்தின் 2017 வழிகாட்டுதல்.

மாத்திரை எப்படி?
காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு. அரை மணி நேரமாவது கழித்துத்தான் காபி. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேணும்.

நிறுத்தாதீங்க!
கர்ப்பம் உறுதியானதும் சிலர் மாத்திரையை விட்டுடுறாங்க. முதல் 12 வாரங்கள் சிசு அம்மாவின் ஹார்மோனைத்தான் நம்பியிருக்கு. அப்போது டோஸைப் பெரும்பாலும் கூட்டவே வேண்டியிருக்கும். அன்றைக்கே டாக்டரிடம் சொல்லிடுங்க.

கடலோர ஊர், மீன் சாப்பிடுறோம்னு அசால்ட்டா இருக்க வேண்டாம். அயோடின் கலந்த உப்பே வாங்குங்க. ஆனால், உப்பு மாத்திரைக்கு மாற்று இல்லை.