உப்பு வணிகனும் கொழு வணிகனும்: நம் முன்னோர் கண்ட சந்தை அறம்

சென்னையில் வாழும் தமிழ்ச் சமணக் குடும்பத்தார் அனைவரும் ஒரு வினாவை எதிர்கொண்டிருப்பர். "ஜைனர் என்கிறீர்களே, இராஜஸ்தானத்தில் எந்த ஊர்?" என்பதே அவ்வினா. வந்தவாசி, திண்டிவனம், செஞ்சி என்று நம் பக்கத்து ஊர்களின் பெயரைச் சொல்லி, குடும்பத் தொழில் உழவு என்றும் கூறினால் கேட்டவர் வியப்படைகிறார். ஜைனர் என்றால் வணிகர் என்னும் எண்ணம் நகரத்தில் அத்துணை ஆழமாக வேரூன்றியுள்ளது. அதனை மறுக்கும் வேகத்தில் நம்மவர் சிலர், "எங்களுக்கும் வாணிகத்துக்கும் தொடர்பே இல்லை" என்று கூறிவிடுவதும் உண்டு. வரலாறு இவ்விரு கூற்றுகளையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஏரும் துலாக்கோலும் நம் மரபில் என்றும் அடுத்தடுத்தே இருந்துள்ளன.

ஆதிபகவன் மக்களுக்கு வாழும் வழி காட்டியபோது ஆறு தொழில்களைக் கற்பித்தார் என்பது புராண மரபு. வாள், எழுத்து, உழவு, கல்வி, வாணிகம், சிற்பம் என்பன அவை. உழவும் வாணிகமும் இங்கே ஒரே வரிசையில் வைத்து எண்ணப்பட்டுள்ளமை கருதத்தக்கது. விளைந்ததை விற்கவும் விளையாததை வாங்கவும் ஓர் இடம் இன்றி உழவன் வாழ்தல் இயலாது. அவ்விடமே சந்தை.

இதற்குத் தமிழகத்தில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகள் மலைக்குகைகளில் உள்ளன. மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளத்தில், கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவை என அறிஞர் கருதும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் கணி நந்தன் என்னும் சமண முனிவர்க்குப் பள்ளி அமைத்துக் கொடுத்த செய்தியைக் கூறுகின்றன. நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பெயர் அங்கே காணப்படுகிறது. அதனோடு 'வெள்ளறை நிகமத்தோர்' என்ற தொடரும் காணப்படுகிறது. நிகமம் என்பது வணிகர் குழு. அரசன் பெயர் பொறிக்கப்பட்ட அதே மலையில் ஊர் வணிகர்க்கும் இடம் கிடைத்திருக்கிறது.

அழகர்மலைக் குகைக் கல்வெட்டுகள் இதனினும் சுவையானவை. கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டிய அவை கொடையாளர் சிலரின் பெயரையும் தொழிலையும் மட்டும் சுருக்கமாகக் குறிக்கின்றன. அவருள் ஒருவன் உப்பு வணிகன். ஒருவன் பணித வணிகன். ஒருவன் கொழு வணிகன். ஒருவன் அறுவை வணிகன். பாணிதம் என்பது கருப்பஞ்சாற்றைக் காய்ச்சி எடுத்த பாகு. கொழு என்பது ஏர்முனையில் பொருத்தும் இரும்பு. அறுவை என்பது துணி. கருவூர்க்கு அருகிலுள்ள புகழூர்க் குகையில், இவற்றிற்குப் பிந்திய காலத்துப் பொன் வணிகன் ஒருவன் பெயரும் உள்ளது.

இப்பட்டியலைச் சற்று நின்று நோக்குவோம். கடல் கடந்து மிளகும் முத்தும் விற்ற பெருவணிகர் இங்கே முன்னிற்கவில்லை. உப்பும் பாகும் துணியும் கொழுவும் ஓர் உழவூரின் கடைத்தெருவில் அன்றாடம் விலையாகும் பண்டங்கள். நெல் விளைவிப்பவனுக்கு வயலில் கிடைக்காதவை எவையோ அவற்றையே இவ்வணிகர் விற்றனர். உமணர் உப்பு வண்டிகளோடு ஊர் ஊராகச் சென்று நெல்லுக்கு நிகராக உப்பை அளந்து கொடுத்த செய்தியைச் சங்கப் பாடல்கள் கூறுகின்றன. அத்தகைய சில்லறை வாணிகத்தில் மிஞ்சிய பொருளில் ஒரு பகுதியே துறவியர்க்குக் கற்படுக்கையாயிற்று. நம் சமயத்தின் தொடக்க வரலாற்றை அரசர்கள் மட்டும் எழுதவில்லை; உப்பு விற்றவனும் எழுதினான்.

கொழு வணிகன் கொடை சிலர் உள்ளத்தில் ஓர் ஐயத்தை எழுப்பலாம். நிலத்தைக் கீறுகையில் சிற்றுயிர்கள் மடியுமே, கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்டோர் கொழு விற்றவனிடம் கொடை பெறலாமா என்பதே அது. நம் ஆசாரிய மரபு இதற்கு விடை கூறியுள்ளது. வேண்டுமென்றே செய்யும் கொலையை இல்லறத்தான் முற்றும் விலக்க வேண்டும். உணவு சமைத்தல், உழுதல், தொழில் செய்தல் ஆகியவற்றில் தவிர்க்க இயலாமல் நேரும் தீங்கை இயன்றவரை குறைத்துக்கொள்ள வேண்டும். இவ்வேறுபாடே தமிழ்ச் சமணர் பல நூற்றாண்டுகளாக உழவராக வாழ இடமளித்தது.

இனி, விற்பனையில் என்ன அறம் என்பதை நோக்குவோம். உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் இயலும், சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும் கள்ளாமை என்னும் அணுவிரதத்துக்கு ஐந்து குற்றங்களைக் கூறுகின்றன. பிறரைத் திருடத் தூண்டுதல், திருடிய பொருளை வாங்குதல், அரசு விதித்த ஒழுங்கை மீறிப் பொருள் ஈட்டுதல், குறைத்தும் மிகுத்தும் அளத்தல், நல்ல பண்டத்தோடு அதைப் போன்ற போலிப் பண்டத்தைக் கலத்தல் என்பன அவை. சிராவகாசாரத்தின் கருத்துகளை அருங்கலச்செப்பு குறள்வெண்பாவில் தமிழாக்கித் தந்ததால், வடமொழி அறியாத உழவர் இல்லங்களிலும் இவை பாராயணமாயின.

இவ்வைந்தையும் கூர்ந்து பார்த்தால், இவை சந்தையை நன்கு அறிந்தோர் வகுத்தவை என்பது விளங்கும். திருடுவது தவறு என்பதை எந்தச் சமயமும் கூறும். வாங்கும்போது ஒரு மரக்காலும் விற்கும்போது வேறொரு மரக்காலும் வைத்திருப்பவனைத் திருடனின் பக்கத்தில் நிறுத்தியதே இங்குள்ள நுட்பம். பொருள்வரைவு விரதத்துக்குச் சமந்தபத்திரர் கூறும் குற்றங்களும் இத்தகையவே. பேராசையால் எருதுகளை அவற்றின் ஆற்றலுக்கு மேல் ஓட்டுதல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், பின்னர் விலை ஏறும் எனத் தானியத்தை மிகுதியாகச் சேர்த்து வைத்தல் ஆகியன அங்கே விலக்கப்படுகின்றன. ஏற்றப்பட்ட வண்டியும் பூட்டப்பட்ட களஞ்சியமும் அறநூலின் பொருளாயின.

சோழர் காலத்தில் போளூரை அடுத்த திருமலைக்கு வருவோம். அங்குள்ள பாறைக் கல்வெட்டொன்று முதலாம் இராசேந்திரனின் 13ஆம் ஆட்சியாண்டினது. கங்கை வரை சென்ற அவன் வெற்றிகளை விரித்துரைக்கும் புகழ்பெற்ற மெய்க்கீர்த்தியை அதில் காணலாம். அத்தனை வெற்றிகளையும் கூறிய பின் அக்கல்வெட்டு வரும் இடம் எது? நன்னப்பயன் என்னும் வணிகனின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்துக்கு நந்தா விளக்கு எரிக்கக் காசு கொடுத்தாள் என்பதே அக்கல்வெட்டின் பயன். இத்தகைய கொடைகளில் முதற்காசு செலவழிக்கப்படுவதில்லை. அதை ஏற்றுக்கொண்டோர் பொலிசை, அதாவது வட்டி, கொண்டு விளக்கை அணையாமல் காப்பர். வணிகர் வீட்டுக் காசு கோயிலில் ஒளியானது அவ்வாறு.

கோயில்கள் அளவைகளையும் காத்தன. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் 'ஆடவல்லான்' என்னும் பெயருடைய மரக்கால் இடம்பெறுகிறது. அது இராசகேசரி என்னும் அரசு மரக்காலுக்கு ஒப்பானது. இறைவன் பெயரையே அளவைக்கு வைத்தமையால், அளவைப் பிழை தெய்வக் குற்றமாகக் கருதப்பட்டதை உணரலாம்.

அறம் தவறிய சந்தை என்னாகும் என்பதற்குச் சிலப்பதிகாரமே சான்று. அக்காப்பியத்தின் பேரவலம் போர்க்களத்தில் நிகழவில்லை. ஒரு விற்பனையில் நிகழ்ந்தது. ஒற்றைச் சிலம்பை விற்று முதல் தேட வந்த கோவலனை, அதன் மதிப்பை அறியவேண்டிய பொற்கொல்லனே கள்வனாக்கினான். சமணத் துறவியாகிய கவுந்தியடிகள் மதுரைப் புறஞ்சேரியில் கோவலனையும் கண்ணகியையும் மோர் விற்கும் ஆயர்குடியைச் சேர்ந்த மாதரியிடம் அடைக்கலமாகக் கொடுத்தார். எளிய மாதரி நம்பிக்கையைக் காத்தாள். பொன்னை மதிப்பிடுவோன் காக்கவில்லை.

இனி நமக்கு அண்மையான காலம். வீடூர், பெருமண்டூர், பொன்னூர், வெண்குன்றம், சளுக்கை, கரந்தை போன்ற நம் ஊர்களிலிருந்து நெல்லும் மணிலாக்கொட்டையும் திண்டிவனம், வந்தவாசி, செஞ்சி, சேத்துப்பட்டு ஆகிய ஊர்களின் மண்டிகளுக்குச் சென்றன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தென்னார்க்காட்டு மணிலா புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சு நாட்டின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கு ஏற்றுமதியானது. புன்செய் உழவன் ஒருவனின் விளைச்சலுக்கு விலை சொல்வோர் கடலுக்கு அப்பால் இருந்தனர். திரும்பும் வண்டியில் மரக்காணத்து உப்பும், வந்தவாசிக் கோரைப்பாயும், ஆரணித் துணியும் வந்தன. அழகர்மலை வணிகரின் சரக்குப் பட்டியல் இரண்டாயிரம் ஆண்டுகளில் பெரிதும் மாறிவிடவில்லை.

அக்காலத்து அளவைகளை இளையோர் அறியட்டும். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. எட்டுப் படி ஒரு மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். எடையில் நாற்பது பலம் ஒரு வீசை. எட்டு வீசை ஒரு மணங்கு. களத்தில் நெல் அளப்பவர் முதல் மரக்காலை 'ஒன்று' என எண்ணாமல் 'லாபம்' என்றே தொடங்குவார். காய் விற்கும் பெண்மணி எடை முடிந்தபின் ஒரு பிடி கூடுதலாகக் கொசுறு இடுவார். அளவு குறைந்துவிட்டதோ என்னும் ஐயம் வாங்குவோர்க்கு எழக்கூடாது என்னும் பண்பு அக்கொசுறில் இருந்தது.

எனினும் பழமையை வெறும் பொற்காலமாகப் புனைதல் வரலாறு ஆகாது. படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறுபட்டது. தலைதட்டி அளப்பதற்கும் குவித்து அளப்பதற்கும் இடையில் உழவன் இழந்தது மிகுதி. அறுவடைக்கு முன்னரே மண்டியில் முன்பணம் பெற்றவன் மண்டிக்காரர் சொன்ன விலைக்கே கொடுக்க நேர்ந்தது. இக்குறைகளைக் களையவே 1933ஆம் ஆண்டின் சென்னை வாணிபப் பயிர்ச் சந்தைகள் சட்டம் பிறந்தது. இன்று நாம் காணும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களுக்கு அதுவே வித்து. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மெட்ரிக் அளவை 1958 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. 1960களில் கடைகளில் கிலோகிராம் நிலைபெற்ற பிறகும், கிராமத்துக் களங்களில் மரக்கால் பன்னெடுங்காலம் விடைபெறவில்லை.

இங்கே நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றுண்டு. நம் முன்னோர் பலர் நிலவுடைமையாளர். அறுவடைக் கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது. மண்டியில் வியாபாரி நம் நெல்லை அளந்தபோது கண்ணும் கருத்துமாக நின்றவர்கள், களத்தில் கூலியாட்களுக்கு அளந்தபோதும் அதே மரக்காலைப் பயன்படுத்தினார்களா? பயன்படுத்திய இல்லங்கள் உண்டு. எல்லா இல்லங்களும் அவ்வாறே என்று கூறத் துணிவோர் யார்? அறநூல் ஒரு குற்றத்தைப் பெயர் சொல்லி விலக்குகிறது எனில், அக்குற்றம் மக்களிடையே இருந்தது என்பதே பொருள். நாம் பெருமை கொள்ள வேண்டியது நம் குலத்தைக் குறித்து அன்று. அக்குலத்துக்கு முன் வைக்கப்பட்ட அளவுகோலைக் குறித்தே.

இன்று நம்மில் பலர் மயிலையிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் வாழ்கிறோம். மயிலை நமக்குப் புதிய ஊர் அன்று. அங்கே கோயில் கொண்டிருந்த நேமிநாதர் பெயராலேயே குணவீர பண்டிதர் தம் இலக்கண நூலுக்கு நேமிநாதம் எனப் பெயரிட்டார். கடல்கோளுக்கு அஞ்சி அத்திருவுருவம் மேல்சித்தாமூர்க்குக் கொண்டு செல்லப்பட்டதாக மரபு கூறும். தெய்வம் நகரத்திலிருந்து நாட்டுப்புறம் சென்றது. அடியவர் நாட்டுப்புறத்திலிருந்து நகரம் வந்தோம்.

தியாகராய நகரில் அட்சய திருதியை நாளன்று நகைக்கடைகளில் கால் வைக்க இடமிராது. நம் மரபில் அந்நாள் பொன் வாங்கும் நாள் அன்று. நெடுநாள் உண்ணாநோன்பிருந்த ஆதிபகவனுக்கு அஸ்தினாபுரத்தில் சிரேயாம்சன் கருப்பஞ்சாறு அளித்து, கொடை என்னும் அறத்தைத் தொடங்கிவைத்த நாள் அது. கருப்பஞ்சாற்றுப் பாகு விற்றவன் துறவியர்க்குக் கொடை அளித்த நாட்டில், அந்நாளை வாங்கும் நாளாக மட்டும் நாம் சுருக்கிவிடலாகாது.

நிறைவாக, குடும்பங்கள்தோறும் ஒரு வேண்டுகோள். ஊரிலுள்ள பழைய வீட்டை விற்கவோ இடிக்கவோ முனையும்போது, பரணில் கிடக்கும் மரக்காலையும் படியையும் தராசையும் பழைய பாத்திரக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். பாட்டனார் எழுதிய பற்றுவரவு ஏடுகளைப் பழைய தாள் வாங்குவோரிடம் எடைக்குக் கொடுத்துவிடாதீர்கள். எந்த ஆண்டில் நெல் என்ன விலை, எந்த மண்டியில் விற்றது, கூலி எத்தனை மரக்கால் என்னும் செய்திகள் அவற்றில்தான் உள்ளன. களத்தில் அளந்தும் அளவு பெற்றும் வாழ்ந்த முதியோர் இருவகையினரிடமும் கேட்டு எழுதி வையுங்கள். ஒரு குறிப்பேட்டுப் பிரதியை நம் அறக்கட்டளைக்கும் அனுப்புங்கள். உப்பு வணிகன் தன் பெயரைக் கல்லில் விட்டுச் சென்றமையால் அவனை இன்று நாம் அறிகிறோம். நம் பாட்டனாரைப் பற்றி அறிய நம் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு தாளாவது எஞ்சட்டும்.